அண்ணன் கட்டிவைத்த குழம்புப் பைகள்

எங்கள் அண்ணனின் முதலாம் ஆண்டு நினைவுநாளுக்கு வந்து, பந்தியில் உட்காரும் முன் இந்தச் சிறு நினைவு மலரைக் கையில் வாங்கிக்கொண்ட உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம். அண்ணனுக்குப் பிள்ளைகள் இல்லை. அதனால் எழுதும் வேலை தங்கையான என் தலையில் விழுந்தது. அழுது வடிந்து எழுதினால் அண்ணனுக்குப் பிடிக்காது. ஆகவே அங்கங்கே அவரைத் திட்டியும் எழுதியிருக்கிறேன்.

அண்ணன் பிறந்தது ஆரம்பாக்கத்தில். அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் நிலத்தில் கூலி வேலை பார்த்தவர்கள். நடவுக் காலத்தில் அம்மா இருட்டிய பிறகுதான் வீடு திரும்புவார். வந்த கையோடு, சேற்றுக் காலைக்கூடச் சரியாகக் கழுவாமல் அடுப்பு மூட்டுவார். நாங்கள் சாப்பிட்டு எழும்போது அவர் சுவரில் சாய்ந்தபடி தூங்கிப்போயிருப்பார். அம்மா சாப்பிட்டாரா என்று பார்த்தது அந்த வீட்டில் அண்ணன் ஒருவர்தான்.

படிப்பு முடிந்ததும் கும்மிடிப்பூண்டியில் ஓர் இரும்பு ஆலையில் சேர்ந்தார். கல்யாணத்துக்குப் பிறகு அண்ணியும் அதே தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனிக்கு வேலைக்குப் போனார். அண்ணிக்குப் பகல் வேலை. அண்ணனுக்குப் பெரும்பாலும் மதிய ஷிப்ட். அண்ணி வீட்டுக்கு வரும் நேரத்தில் அண்ணன் உலை முன்னால் நிற்பார். அண்ணன் வரும் நேரத்தில் அண்ணி தூங்கியிருப்பார். ஞாயிற்றுக்கிழமைதான் இருவரும் முகம் பார்த்துப் பேசுவார்கள். வேலையிலிருந்து களைத்து வருகிறவர் அடுப்பு முன்னால் நிற்கக் கூடாது, வந்ததும் சூடாகச் சாப்பிட வேண்டும். வாழ்க்கையில் அண்ணன் பிடித்த ஒரே பிடிவாதம் இதுதான்.

மணவாள நகரில் நான் வாழ்க்கைப்பட்ட வீட்டுப் பரணில் ஒரு ஸ்லோ குக்கர் சும்மா கிடந்தது. என் நாத்தனார் துபாயிலிருந்து கொண்டுவந்தது. கரண்டில் மணிக்கணக்காக, மெல்ல மெல்ல வேகவைக்கும் பீங்கான் சட்டி. “விசிலே அடிக்காதா? அப்ப எனக்குக் குடு” என்று அதை மடியில் வைத்துக்கொண்டு பஸ் ஏறிவிட்டார் அண்ணன். வேலைக்குக் கிளம்பும்போது சட்டியில் போட்டு சுவிட்சைத் தட்டினால், அண்ணி வரும்போது குழம்பு தயார். ஆனால் தினமும் உட்கார்ந்து நறுக்கவும் அரைக்கவும் நேரம் வேண்டுமே? அதற்காக அவர் செய்த வேலை இருக்கிறதே, நான் கத்திய கத்தல் ஆரம்பாக்கம் முழுக்கக் கேட்டிருக்கும். கடையை மூடிவிட்ட ஐஸ்கிரீம்காரர் ஒருவரிடமிருந்து நீளமான ஃப்ரீசர் பெட்டியை வாங்கி, சமையலறையில் போட்டுவிட்டார்!

“இன்னாண்ணா இது? சாவு ஊட்ல வைக்கற ஐஸ் பொட்டி மாதிரி கீது! யாராவது ஊட்டுக்குள்ள கொண்டாந்து வப்பாங்களா?”

“சும்மா பேஜாரு பண்ணாத. உங்கண்ணி ஏழு மணிக்கு வந்து வெங்காயம் உரிச்சிகினு நிக்கணுமா? அது சூடா துன்னட்டும், போ.”

ஞாயிறு காலையில் கறிக்கடை, காய்கறிக் கடை. பிறகு இருவரும் கூடத்தில் உட்கார்ந்து பேசிக்கொண்டே நறுக்குவார்கள். கறிக்கு மசாலா தடவிப் பையில் போட்டு, காற்றை அழுத்தி எடுத்து, தட்டையாக அடுக்குவார் அண்ணன். முதலில் எல்லாம் சொதப்பல்தான். உருளைக்கிழங்கு உறைந்து உருகியதும் கூழானது. அரைத்த தேங்காய் திரிந்தது. அதற்கப்புறம் அவை இரண்டையும் பையில் போடுவதை விட்டார். மறுநாளைக்கான பையை முந்தின இரவே ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் வைத்து உருகவிடுவார். உப்பு மட்டும் எப்போதும் குறைவாகத்தான் போடுவார். “கம்மியா இருந்தா மேல போட்டுக்கலாம். ஜாஸ்தியானா இன்னா பண்ணுவ?” என்பார்.

உறைந்துவிட்டால் சாம்பார்க் காயும் ஆட்டுக்கறியும் பார்க்க ஒன்றுபோலத்தான் இருக்கும். ஒரு புரட்டாசிச் சனிக்கிழமை, முந்தின இரவு பையை உருகவிட மறந்த அண்ணன், விரதச் சாப்பாடு என்று நினைத்து உறைந்த கறியை அப்படியே சட்டியில் போட்டுவிட்டுப் போய்விட்டார். அன்று தெருமுனையிலேயே வாசனை அண்ணியை வரவேற்றது. தெருவே சிரித்தது, அண்ணனோ பெருமாளிடம் கன்னத்தில் போட்டுக்கொண்டார். அன்றிலிருந்து கறிக்குச் சிவப்பு ரப்பர் பேண்டு, காய்க்குப் பச்சை.

போன ஆடியில் ஒரு மதியம், சட்டியில் குழம்பைப் போட்டு சுவிட்சைத் தட்டிவிட்டுக் கிளம்பிய அண்ணன், ரயில் நிலையத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். எழுந்திருக்கவே இல்லை. அவரை வீட்டுக்குக் கொண்டுவந்தபோது குழம்பு வெந்து வீடெல்லாம் மணந்துகொண்டிருந்தது. சாவு விழுந்த வீட்டில் ஆக்கியது ஆகாது என்று பெரியவர்கள் அதை எடுத்துப்போய்க் கொட்டினார்கள். அது வழக்கம், யாரையும் குறை சொல்வதற்கில்லை. கூடத்தில் ஐஸ் பெட்டிக்குள் அண்ணன் கிடந்தார். அண்ணி வெறித்துப் பார்த்ததோ கழுவிக் கவிழ்த்த அந்தச் சட்டியை.

காரியம் முடிந்து எல்லோரும் கலைந்தோம். அண்ணி வேலைக்குத் திரும்பினார். ஃப்ரீசர் நிறைய அண்ணன் கட்டிவைத்த பைகள் இருந்தன. அண்ணி அவற்றைத் தொடவும் இல்லை, தொடவிடவும் இல்லை. ஸ்டேஷன் கடையில் பன்னும் டீயும், அதுதான் ராச்சாப்பாடு. ஆள் பாதியானார். “அண்ணி, எதுனா ஆக்கித் துன்னுங்க” என்று நான் போனில் கெஞ்சாத நாளில்லை. அண்ணனின் பிடிவாதம் அண்ணனோடு போய்விட்டதே என்று போனை வைத்துவிட்டுப் புலம்புவேன்.

கார்த்திகையில் புயல் அறிவிப்பு வந்ததும், தனியாக இருக்கிறாரே என்று நான் ஆரம்பாக்கம் போனேன். இரவெல்லாம் காற்று. கரண்டு போனது போனதுதான். மறுநாள் காலை ஃப்ரீசர் அடியிலிருந்து தண்ணீர் கசிந்து சமையலறைத் தரையில் ஓடியது.

“அண்ணி, எல்லாம் கெட்டுப்பூடும். கொட்டிடலாம்” என்றேன்.

அண்ணி பெட்டியைத் திறந்து ஒவ்வொரு பையாகத் தொட்டுப் பார்த்தார். உள்ளே இன்னும் ஐஸ் இருந்தது.

“அவுரு ஆக்குனத ஒருவாட்டி என்னக் கேக்காமயே கொட்டிட்டீங்க. இன்னொருவாட்டி கொட்டவுட மாட்டேன். பெரிய சட்டி எங்க கீதுன்னு பாரு.”

கரண்டில்லாமல் ஸ்லோ குக்கருக்கு வேலையில்லை. எங்கள் இரண்டு அடுப்பு போதாது என்றதும் பக்கத்து வீட்டார் கேஸ் அடுப்பைத் தூக்கிவந்தார்கள். கோயில் அண்டா வந்தது. வீட்டுக்கு வீடு அரிசி வந்தது. எதிர்வீட்டுத் தம்பி சபரிமலைக்கு மாலை போட்டிருந்தார். வாசலிலேயே தயங்கி நின்றார். “சாமி, பச்ச ரப்பர் பேண்டு எல்லாம் உங்க பக்கம். தனி அடுப்பு, தனி கரண்டி” என்று அண்ணி உள்ளிருந்தே குரல் கொடுத்தார். புயலில் கடையெல்லாம் மூடிக்கிடக்க, வாடகை அறைகளில் பட்டினியாக இருந்த ஒடிசாத் தொழிலாளர்களும் வந்து உட்கார்ந்தார்கள். அன்று எங்கள் தெரு முழுக்க அண்ணன் கைக் குழம்புதான் சாப்பிட்டது.

எல்லோரும் எழுந்த பிறகு அண்ணியைப் பிடித்து உட்காரவைத்துத் தட்டில் போட்டேன். ஒரு வாய் எடுத்துவைத்தார். மென்றார்.

“உப்பு கம்மி” என்றார். “எப்பவும் கம்மிதாம்மா. அவுராண்ட ஒருநாளும் நான் சொன்னதில்ல.”

சொல்லிவிட்டு, அண்ணனை வீட்டுக்குக் கொண்டுவந்த நாளிலிருந்து அழாத அண்ணி அன்று வாய்விட்டு அழுதார். அழுதுகொண்டே தட்டைக் காலி செய்தார். இன்னொரு கரண்டியும் கேட்டார்.

ரயில் நிலையத்தில் அண்ணனைத் தாங்கிப் பிடித்த முகம் தெரியாத பயணிகளுக்கும், ஷிப்டை விட்டு ஓடிவந்த ஆலைத் தோழர்களுக்கும், துக்க நாட்களில் எங்களுக்குச் சோறு கொண்டுவந்த தெருவாருக்கும், புயலன்று அடுப்பும் அண்டாவும் தந்தவர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் கைகூப்பிய நன்றி. அன்று குழம்பு வாங்கிப்போன தூக்குவாளிகளில் சில இன்னும் திரும்பவில்லை. அண்ணி நினைவுபடுத்தச் சொன்னார்.

அந்த ஃப்ரீசர் இப்போது காலியாக இல்லை. இன்று உங்கள் இலையில் விழும் குழம்பு, போன ஞாயிறு அண்ணியும் நானும் நறுக்கி, பையில் கட்டி அடுக்கிவைத்தது. உப்பு குறைவாக இருக்கும். வேண்டியவர்கள் கேட்டு வாங்கிப் போட்டுக்கொள்ளுங்கள். அண்ணன் போட்ட அளவை மாற்றமாட்டேன் என்று அண்ணி சொல்லிவிட்டார்.