உத்திராபதி தலையை விட்ட பெட்டி

பிரிட்ஜ் மெக்கானிக் உத்திராபதி, சிதம்பரத்தில் வேலைக்குப் போன வீட்டில், குடித்த போதையில் பிரிட்ஜைத் திறந்து, வெயிலுக்குச் சுகமாக இருக்கிறதென்று தலையை உள்ளே வைத்து, அப்படியே குறட்டை விட்டுவிட்டார் என்று கடலூர் செம்மண்டலத்தில் ஒரு பேச்சு. இரண்டாயிரத்து ஒன்பதில், தேர்தல் முடிந்த மே மாதம் கிளம்பியது. கேட்டவர்கள் அவரவர் பங்குக்குக் கொஞ்சம் சேர்த்தார்கள். மீசையில் பனிக்கட்டி தொங்கியது என்றார் ஒருவர். எழுப்பப் போனவர்களிடம் "கதவ சாத்திட்டுப் போங்க" என்று சொன்னாராம் என்றார் இன்னொருவர். நடந்தது வேறு. அந்தச் சிதம்பரத்து வீட்டம்மாளே பின்னால் தன் வாயால் சொல்லிச் சிரித்த கதை அது. அதற்கு முன் ஆளைப் பார்த்துவிடலாம்.

ஐம்பது தாண்டிய ஒல்லி உடம்பு. அதற்குப் பொருந்தாத பெரிய தலை. முன்பக்கத்து முடி தானாகப் போயிற்று. மிச்சத்தை வெள்ளிக்கிழமைதோறும் அவரே மழித்துவிடுவார். அழகுக்காக இல்லை, தொழிலுக்காக. எந்த வீட்டு பிரிட்ஜாக இருந்தாலும் கதவைத் திறந்து, குனிந்து, முதலில் தலையைத்தான் உள்ளே விடுவார். கண்ணை மூடிக்கொள்வார். உச்சந்தலையில் படுகிற குளிரை வைத்து, "கேஸு இருக்கு, ஃபேன் சுத்தல" என்றோ, "கதவு ரப்பர் போச்சு, எடது பக்கம் கீழ" என்றோ உள்ளேயிருந்து குரல் வரும். பையில் மீட்டர் உண்டு. ஆனால் அதற்கு இரண்டாவது மரியாதைதான். "பேட்டரி போனா மீட்டர் ஒளறும். மண்ட ஒளறாது" என்பார். பாதிக்கு மேல் சரியாகவே இருக்கும். தப்பிப்போனதையெல்லாம் "ஒங்க ஏரியா கரண்டு சரியில்ல" என்று மின்வாரியத்தின் தலையில் கட்டிவிடுவார்.

ஆம்பளை இல்லாத நேரத்திலும் சமையலறை வரைக்கும் அவரை விடுவார்கள். குடி கிடையாது. அதைவிடப் பெரிய விஷயம், எந்த வீட்டு பிரிட்ஜுக்குள் என்ன இருந்தது என்று வெளியே மூச்சு விடமாட்டார். மாமியாருக்குத் தெரியாமல் கீரைக்கட்டுக்கு அடியில் முட்டை வைக்கிற மருமகள் யார், டாக்டர் வேண்டாமென்ற அல்வாவை மோருக்குப் பின்னால் ஒளிக்கிற பெரியவர் யார், எல்லாம் அந்த மண்டைக்குள் இருக்கிறது. மண்டையோடு சரி.

சிதம்பரத்தில் அவரைக் கூப்பிட்டவர் ஓய்வுபெற்ற தாசில்தார் தில்லைநாதன். பிரான்சில் வேலை பார்க்கும் பாண்டிச்சேரி மாப்பிள்ளை அவருக்கு. மாப்பிள்ளை தன் ஒயின் பாட்டில்களுக்கென்று ஒரு சின்ன கண்ணாடிக் கதவு பிரிட்ஜை மாமனார் வீட்டுக் கூடத்து மூலையில் கொண்டுவந்து வைத்திருந்தார். தாசில்தார் மனைவி சௌந்தரம் அதன்மேல் பூப்போட்ட துணியைப் போர்த்தி, "சுகர் மருந்து வைக்கிற பொட்டி" என்று தெருவுக்குச் சொல்லிவைத்திருந்தார். பெட்டியை எப்போதும் பன்னிரண்டு டிகிரியில் வைக்க வேண்டும், பாட்டிலைக் குலுக்கவே கூடாது என்பது மாப்பிள்ளை உத்தரவு. அவர் வருகிற ஞாயிறு நெருங்கிவிட்டது. பெட்டியோ ராப்பகலாக உறுமிக்கொண்டிருந்தது.

"பதினெட்டுலேந்து எறங்க மாட்டேங்குதுய்யா" என்று முகப்பில் எரிந்த எண்ணைக் காட்டினார் தில்லைநாதன். "கேஸ் போயிருக்குமா?"

"பாட்டில வெளிய எடுங்க சார், பாத்துடலாம்."

"அது ஆவாது. குலுங்கும்."

"பின்ன எப்படி சார் உள்ள பாக்கறது?"

"அது ஒன் சாமர்த்தியம்."

பாட்டில் இல்லாத கம்பித்தட்டு ஒன்று நடுவில் இருந்தது. அதைக் கழற்றினார். கிடைத்த இடுக்கு வழியாக, தரையில் குப்புறப் படுத்துத் தலையை உள்ளே செலுத்தினார். போகும்போது காது மடங்கி வழிவிட்டது.

"சார், இது பதினெட்டு இல்ல. பன்னெண்டும் இல்ல. ஐஸு" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. "பொட்டிக்கு ஒண்ணும் இல்ல. குளிர பாத்து சொல்ற சென்சார்தான் செத்துப்போச்சு. உள்ள ஐஸ் கட்டுனாலும் அது பதினெட்டுன்னே சொல்லுது. மிஷினு பாவம், அத நம்பி ஓடிக்கிட்டே கெடக்கு."

தில்லைநாதன் முகம் தெளிந்தது. தரையில் கிடந்த கால்கள் இரண்டு தடவை பின்னால் உந்தின.

"சார்."

"சொல்லு."

"வர மாட்டேங்குது."

"சென்சாரா?"

"என் தலை."

உள்ளே போகும்போது மடங்கின காதுகள் திரும்பும்போது விரிந்து கம்பியில் மாட்டிக்கொண்டிருந்தன. தில்லைநாதன் காலைப் பிடித்து இழுத்தார். பாட்டில்கள் கிணுகிணுத்தன. உடனே காலை விட்டுவிட்டார். கதவு திறந்து கிடந்ததில், மேல்தட்டில் பனியில் உறைந்து கார்க் பிதுங்கியிருந்த ஒரு பாட்டில் இளகி, சிவப்பாகச் சொட்ட ஆரம்பித்தது. சொட்டின இடம் வழவழப்பான உச்சந்தலை.

பக்கத்து வீட்டுத் தங்கம்மாள் கறிவேப்பிலை கேட்டு உள்ளே வந்தது அப்போதுதான்.

தரையில் இரண்டு கால். கூடம் முழுக்க வாசனை. நல்லவேளையாகப் பூப்போட்ட துணி சரிந்து பாதிப் பெட்டியை மறைத்திருந்தது. வாசனைக்குச் சொந்தக்காரர் யாராவது வேண்டும். பெட்டியா, மெக்கானிக்கா என்று சௌந்தரம் ஒரு நொடிதான் யோசித்தார்.

"வேலைக்கி வந்த எடத்துல குடிச்சிட்டு வந்து பிரிட்ஜுல தலைய வுட்டு தூங்குறாருடி. நல்ல மனுசன்னு நெனச்சோம்."

"அம்மா…" என்றது உள்ளேயிருந்து.

"பாத்தியா, தூக்கத்துல ஒளர்றாரு."

தங்கம்மாள் போனதும் தேங்காயெண்ணெய் வந்தது. இரண்டு காதிலும் தாராளமாக ஊற்றி, புருஷனும் பெண்சாதியும் ஆளுக்கொரு காலைப் பிடித்தார்கள். காதுத் தோலில் கொஞ்சம் கம்பிக்கே போயிற்று. உத்திராபதி எழுந்து உட்கார்ந்து, இந்தத் தடவை கையை மட்டும் விட்டுச் சென்சாரைக் கழற்றினார். ஐஸ் தண்ணீர் டம்ளரில் அதைப் போட்டு மீட்டரை வைத்தார். எடுத்துத் துடைத்துத் தன் அக்குளில் இடுக்கிக்கொண்டு மறுபடி வைத்தார். குளிருக்கும் சூட்டுக்கும் மீட்டர் ஒரே எண்ணைக் காட்டியது. பையிலிருந்த புதுசைப் போட்டதும் முகப்பு எண் பதினெட்டிலிருந்து மளமளவென்று இறங்கியது. மண்டை சொன்னது சரி.

"தம்பி, மாப்ள வந்துட்டுப் போறவரைக்கும் வெளிய ஒண்ணும்…" என்று இழுத்தார் சௌந்தரம். உத்திராபதி தலையை ஆட்டினார். ஆட்டும்போது காது வலித்தது.

ஒயினும் தேங்காயெண்ணெயுமாக அவர் பஸ் ஏற, பக்கத்து சீட்டில் யாரும் உட்காரவில்லை. தங்கம்மாளின் தங்கை வாழ்க்கைப்பட்டது அவர் ஊரான செம்மண்டலத்தில். பஸ் ஆலப்பாக்கம் தாண்டுவதற்குள் செல்போனில் சேதி ஊர் போய்ச் சேர்ந்துவிட்டது. வாசலிலேயே நின்றாள் மனைவி மலர்க்கொடி.

"சிந்திடுச்சு" என்றார்.

"சட்டைல சிந்தும். மண்ட உச்சில எப்படிய்யா சிந்தும்?"

அதற்குப் பதில் சொன்னால் எல்லாவற்றையும் சொல்ல வேண்டும். ஒரு வீட்டுப் பெட்டி ரகசியம் வெளியே போகும். அதுகூடப் பரவாயில்லை, மண்டையை நம்பிப் பிழைக்கிறவனின் மண்டை மாட்டிக்கொண்டதென்று தெரிந்தால் அப்புறம் எவன் கூப்பிடுவான்? காதை மறைக்கக் குரங்குக் குல்லா போட்டுக்கொண்டார். கத்திரி வெயிலில் குல்லாவைப் பார்த்த ஊர், "போதை எறங்கல, குளிர் நடுக்கம்" என்றது. கூப்பிடுகிற வீடுகள் குறைந்தன. போன வீடுகளிலும், "அவுரு வந்தப்புறம் வாங்களேன்" என்று கதவிடுக்கில் பதில். இவ்வளவு காலம் சம்பாதித்த சமையலறைகள் ஒவ்வொன்றாகச் சாத்திக்கொண்டன.

கடைசியில் கூப்பிட்டவர் ஜான்சி டீச்சர். அவரும் கேட்டைத் திறக்கவில்லை.

"அண்ணே, தப்பா நெனைக்காதீங்க. ஒருதடவ ஊதுங்க."

ஊதினார்.

"சோம்பு வாட வருதே, மறைக்கவாண்ணே போட்டீங்க?"

மதிலுக்கு மேல் பக்கத்து வீட்டுத் தலைகள் வந்துவிட்டன. ஜான்சி குரலைத் தாழ்த்தினார். "குடிச்சா குடிச்சேன்னு சொல்லிடுங்க. எங்க வூட்லயும் ஒண்ணு இருக்கு, எனக்குப் பழக்கம்தான். உள்ள மட்டும் படுத்துடாதீங்க, மாவு வச்சிருக்கேன்."

உத்திராபதி உள்ளே போனார். காவலுக்கு மதில் தலைகளும் உடம்போடு கூடவே வந்தன. பிரிட்ஜைத் திறந்தார். கை, மீட்டர் இருந்த பை வரைக்கும் போய்த் திரும்பியது. குல்லாவைக் கழற்றி மேலே வைத்தார். இரண்டு காதிலும் பிளாஸ்திரி. கட்டைவிரலை ஒரு காதிலும் சுண்டுவிரலை மறு காதை நோக்கியும் விரித்து, தன் தலையைச் சாண் போட்டு அளந்தார். அந்தக் கையை மடக்காமல் அப்படியே கொண்டுபோய்த் தட்டுகளுக்கு நடுவே வைத்துப் பார்த்தார்.

"என்னண்ணே பண்றீங்க?"

"குடிக்கல. தூங்கல. மருந்துப் பொட்டி ஒண்ணுல அளக்காம வுட்டேன், தலை மாட்டிக்கிச்சு. எண்ண ஊத்தி இழுத்தாங்க."