வட்டத்தில் என் மகளின் முறை

எனக்கு எழுத்து ஒழுங்காக வராது, மன்னிக்க வேண்டும். அஞ்சாங்கிளாஸ் தமிழ் மட்டும்தான் கையில் உண்டு. சில காரியங்கள் மறந்தும் போகின்றன.

என் மகள் இன்ஜினியரிங் படித்தவள். கடைசி வருஷம் சனிக்கிழமைகளில் கல்லூரியில் ஒரு கிளாஸ் வைத்தார்கள். சாஃப்ட் ஸ்கில் என்று பெயர். அது என்ன படிப்பு என்று கேட்டேன். கூட்டத்தில் பேசுவது, மற்றவர் சொல்வதைக் கேட்பது, சேர்ந்து வேலை செய்வது, கம்பெனிக்காரர்கள் மார்க்கைவிட அதைத்தான் பார்ப்பார்கள் என்றாள். எனக்குச் சிரிப்பு வந்தது. அதெல்லாம் அவளிடம் உண்டே என்று நினைத்தேன்.

எங்கள் சபையில் வாரம் ஒரு வீட்டில் ஜெபக்கூட்டம் நடக்கும். பாய் விரித்து வட்டமாக உட்காருவோம். ஒருவர் ஜெபித்து ஆமென் சொன்ன பிறகே பக்கத்தில் இருப்பவர் தொடங்குவார். குறுக்கே யாரும் வாய் திறப்பதில்லை. ஜெபிக்க வராதவர் அடுத்த ஆளின் கையைத் தொட்டால் முறை அங்கே போய்விடும். நான் எப்போதும் தொட்டுவிடுகிறவள். என் மகளோ சின்ன வயதிலேயே தமிழிலும் மலையாளத்திலும் தடங்கலில்லாமல் ஜெபிப்பாள்.

"ஒனக்க நாக்கையும் சேத்து இவளுக்குக் குடுத்திருக்காரு கர்த்தரு" என்று அண்ணன் மனைவி என்னைக் கேலி செய்வாள். எனக்கு அது கேலியாகவே படாது.

திருவனந்தபுரத்தில் ஒரு கம்பெனி அவளை அழைத்தது. எழுத்துப் பரீட்சையில் தேறியிருந்தாள். பிள்ளைகளைக் கூட்டமாகப் பேச வைத்துப் பார்ப்பதுதான் பாக்கி. துணைக்கு நானும் போனேன். அவர்கள் பேசிய அறைக்குக் கண்ணாடிச் சுவர், வெளியே இருந்து பார்த்தேன், சத்தம் மட்டும் வரவில்லை. நாற்காலிகளை வட்டமாகப் போட்டிருந்தார்கள். பிள்ளைகள் கையை வீசிப் பேசினார்கள். ஒருவர் வாய் மூடுமுன் அடுத்தவர் வாய் அசைந்தது. என் மகள் மட்டும் கையை மடியில் வைத்து, பேசுகிறவர் முகத்தையே பார்த்துக்கொண்டு அடக்கமாக இருந்தாள். எனக்குப் பெருமையாக இருந்தது. அந்த ஒழுங்கு கம்பெனிக்காரர் கண்ணில் படாமல் போகாது என்று நம்பினேன்.

வெளியே வந்தவளைக் கூட்டிக்கொண்டு ஸ்டேஷனுக்கு நடந்தேன். பாறசாலைக்கு வரும் ரயிலில், பாலராமபுரம் தாண்டின பிறகுதான் பேசினாள்.

"எனக்குப் பக்கத்தில இருந்த பையன் பேசி முடிச்சான். அடுத்தது எனக்க முறையாக்கும்னு இருந்தேன் அம்மா. அதுக்குள்ள எதிர்ல இருந்த ஒருத்தி தொடங்கிட்டா."

"பின்ன நீ?"

"அவ முடிக்கட்டும்னு இருந்தேன். அவ முடிக்கதுக்குள்ள இன்னொருத்தன். பெறவு நேரம் தீந்துதுன்னு சொல்லிட்டாங்க."

"ஒரு வார்த்தையும் பேசல்லியா மக்கா?"

"சொல்லதுக்கு நெறைய இருந்துது அம்மா."

கம்பெனிக்கார அம்மா ஒருவர் அவளைத் தனியே கூப்பிட்டு நல்ல விதமாகத்தான் சொன்னாராம். பரீட்சைத்தாள் மிக நன்றாக இருந்தது, ஆனால் எங்கள் வேலையில் தப்பு ஒன்று கண்ணில் பட்டால், மேலே உள்ளவர் பேசிக்கொண்டிருந்தாலும் நிறுத்திச் சொல்கிற ஆள் வேண்டும் என்றாராம். அதில் நியாயம் உண்டு. அந்த நியாயத்தை எங்கள் பாயில் உட்கார்ந்து அவள் எப்படிப் படித்திருப்பாள்?

நான் பேசும்போது குறுக்கே பேசிப் பழகு என்று வீட்டில் சொல்லிப் பார்த்தேன். கொஞ்சம் முயன்றாள். பிறகு, "நீ பேசதே கொஞ்சம், அதையும் நான் பிடுங்கவா?" என்று விட்டுவிட்டாள்.

அந்த வருஷம் படிப்பு முடித்தவர்களை மட்டுமே அந்தக் கம்பெனி எடுக்குமாம். பிறகு கூப்பிடவில்லை. மகள் இப்போது நெய்யாற்றின்கரையில் ஒரு துணிக்கடையில் பில் போடுகிறாள். வேறு கம்பெனிகளுக்கும் அனுப்பிக்கொண்டுதான் இருக்கிறாள். உங்கள் பிள்ளை எவ்வளவு பொறுமையாகக் கேட்கிறது என்று கடைக்குப் போய்வந்தவர்கள் என்னிடம் புகழ்கிறார்கள்.

இங்கே முறை கிடையாது, முந்துகிறவர் பேசலாம் என்று அந்த அறையில் தொடக்கத்திலேயே யாராவது சொல்வது வழக்கமா? சொன்னதை அவள் காதில் வாங்காமல் விட்டாளா, அல்லது யாருமே சொல்லவில்லையா? அவளிடம் கேட்க எனக்கு மனசு வரவில்லை. அப்படிப்பட்ட அறையில் இருந்தவர் யாராவது இதை வாசித்தால், நான் எழுதியதில் பிழை உண்டா என்று பார்த்துத் திருத்தித் தரவேண்டும்.