போர்ட் என்றால் எனக்குத் துறைமுகம்தான்

துறைமுக ஊரான கிள்ளானில், கப்பல் சரக்கு அனுப்பும் ஃபார்வர்டிங் ஆபீஸில் பதினைந்து வருடம் குப்பை கொட்டியவன் நான். ஆனால் முதலாளி எதற்கெடுத்தாலும், பிரிக்பீல்ட்ஸ் தலைமை ஆபீஸில் மூன்று மாதம் முன் சேர்ந்த விமலாவைத்தான் கேட்பார். எனக்கு வயிறு எரியும்.

இன்டர்நெட் வந்த புதிது. எங்கள் கம்ப்யூட்டரை அங்கிருந்தே பார்க்க, வெளியாட்களைத் தடுக்கும் ஃபயர்வாலில் அவள் ஒரு வழி திறக்க வேண்டியிருந்தது. போன் செய்தாள்.

“அண்ணே, போர்ட் ஃபார்வர்டிங் பண்ணணும். உங்க போர்ட் நம்பர் சொல்லுங்க லா.”

இவளிடம் போய் விளக்கம் கேட்பதா? துறைமுகத்தில் எங்களுக்குக் கொடுத்திருந்த நாலு இலக்க ஏஜென்ட் நம்பரைக் கம்பீரமாகச் சொன்னேன்.

இரண்டு நாள் இணைப்பு கிடைக்கவில்லை. அவள் திணறியதில் எனக்கு உள்ளூரச் சந்தோஷம்.

மூன்றாம் நாள் நேரிலேயே வந்தாள். கம்ப்யூட்டரில் அந்த வழிக்கு, அதாவது அவள் கேட்ட ‘போர்ட்’டுக்கு, வேறு நம்பர் இருந்தது. நான் சொன்ன நம்பர், சுவரில் மாட்டியிருந்த ஏஜென்ட் லைசென்ஸில் இருந்தது. அதையே கொஞ்ச நேரம் பார்த்தாள்.

முதலாளி போனில் காரணம் கேட்டார்.

“நான்தான் நம்பர மாத்திப் போட்டுட்டேன் பாஸ்,” என்றாள், என் பக்கம் திரும்பாமல்.

அன்றோடு பொறாமை தீர்ந்தது என்று எழுத ஆசைதான். தீரவில்லை. அதுவரை அவள் மூளையைப் பார்த்து மட்டும் எரிந்தவன், அன்றிலிருந்து அவள் மனசைப் பார்த்தும் எரிந்தேன்.