கற்கண்டு விழுந்த குழாய்

எங்கள் பாடசாலையில் விஞ்ஞானக் கண்காட்சி நடந்தால் மண்டபத்தின் பெரும்பகுதி வரவேற்புக்கே போய்விடும். விஞ்ஞானம் எஞ்சிய மூலையில் ஒதுங்கி நிற்கும். துறைமுகத்தைப் பார்த்த அந்தப் பாடசாலையில் நான் தமிழ் கற்பிக்கிறேன். என் தங்கை உயிரியல் கற்பிக்கிறாள். இம்முறை அவளுக்கு இருந்த நோக்கம் ஒன்றே. பிரதம விருந்தினரான கிண்ணியா வர்த்தகர் மனம் வைத்தால் ஒரு புதிய நுணுக்குக்காட்டி கிடைக்கும். பழையதன் வில்லையில் கடற்காற்றின் ஈரத்தால் பூஞ்சணம் படர்ந்திருந்தது.

அவள் காட்சிக்கு வைத்தது மதுவம், அப்ப மாவைப் புளிக்கவைக்கும் அதே ஈஸ்ட்; பல்கலைக்கழக ஆய்வுகூடம் ஒன்றில் கேட்டு வாங்கிய வகை. அதன் கலங்களின் மேற்பரப்பிலுள்ள புரதங்கள், அயற்கலத்தின் சுவரிலுள்ள சர்க்கரையை இனங்கண்டு பற்றிக்கொள்ளும். பற்றியவை திரளாகி அடியிலே படிய, மேலே நீர் தெளியும். கண்ணாடிக் குழாயில் அது பிசகின்றி நடந்தது.

காலையிலேயே பழைய மாணவர் சங்கத் தலைவர் வந்து எட்டிப் பார்த்தார். ஓய்வுபெற்ற அதிபர், ஒலிவாங்கியிடமிருந்து மட்டும் இன்னும் ஓய்வு பெறாதவர்.

"சீனியாலையோ பிள்ளை ஒட்டுது?"

"ஓம் சேர், பக்கத்துக் கலத்தின்ரை சுவரிலை இருக்கிற..."

மிகுதி அவருக்குத் தேவைப்படவில்லை. ஓர் உரைக்கு வேண்டியது கிடைத்துவிட்டது. கண்ணுக்குத் தெரியாத உயிரையும் விட்டுவைக்காமல் அதன் வாயில் ஒரு நீதியைத் திணிக்கும் கூட்டம் எங்கள் ஊரில் பெரியது. அவர் அதன் தலைமைப் புலவர்.

விருந்தினர் வந்ததும் தலைவர், இனிமையே இனங்களை இணைக்கும் என்று தொடங்கினார். வாசலில் சந்தனத்தோடு வைத்திருந்த கற்கண்டுத் தட்டிலிருந்து பொடியாய் ஒரு கை அள்ளிக் குழாயிலே கொட்டினார். கண்ணாடிக் கோலால் கலக்கினார்.

"இப்ப பாருங்கோ ஹாஜியார், எல்லாம் ஒண்டாகும்!"

ஆகவில்லை. திரண்டிருந்தவை உதிர்ந்தன. குழாய் அரிசி கழுவிய நீர்போல் வெளிறி, அப்படியே நின்றது. விருந்தினர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"உம்மடை சாமான் பழுதாப் போச்சுப் பிள்ளை," என்றார் தலைவர், சற்றும் கூசாமல்.

"பழுதாகேல்லை சேர். ஒண்டையொண்டு பிடிக்கிற கை முழுக்க நீங்கள் கற்கண்டைத் திணிச்சுப்போட்டியள். இனிப் பக்கத்திலை நிக்கிறதை எதாலை பிடிக்கிறது?"

விருந்தினர் உரக்கச் சிரித்தார். "கேட்டீங்களா சேர்? நீங்கதான் பிரிச்சு வெச்சிருக்கீங்க!" பிறகு நுணுக்குக்காட்டியில் குனிந்தார். "என்ன டீச்சர், ஒண்டும் தெரியுதில்லையே? ஒரே பாசி."

"ஓம் ஹாஜியார். அதைக் காட்டத்தான் உங்களைக் கூப்பிட்டனாங்கள்."

புதிய நுணுக்குக்காட்டி வந்தது. கையளிப்பு விழாவிலும் தலைவரே பேசினார். சர்க்கரை சேர்த்தால் மதுவமும் ஒன்றுபடும் என்பதை இதே பாடசாலை நிரூபித்தது என்று முழங்கினார். கூடத்தில் இருந்தவர்கள், குழாய் கலங்கியதைக் கண்ணால் கண்டவர்கள் உட்பட, கை தட்டினார்கள். தங்கை தட்டவில்லை. அவள் எழுந்து போய், வாசலிலிருந்த கற்கண்டுத் தட்டை எடுத்து ஆய்வுகூட அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினாள்.