கைபிடி வந்தது, வேலை வரேல்லை

போன மாசம் எங்கட குளத்துக் கந்தோரை, அதுதான் குளம் பாக்கிற அலுவலகத்தை, ரெண்டாப் பிரிச்சவை. சாமான் எல்லாம் புதுக் கந்தோருக்காம். "திங்கக்கிழமை பாரமெடுக்கினம்" எண்டு ஊரெல்லாம் கதை.

எனக்குப் படிப்பு ஏறாத மண்டை. பாரம் தூக்க ஆள் வேணுமாக்கும் எண்டு சாரத்தை மடிச்சுக் கட்டிக்கொண்டு போட்டன்! பொறுப்பெடுக்கிறதைத்தான் அப்பிடிச் சொல்லுறவையாம்... ஆருக்குத் தெரியும்? ஒருத்தரும் என்னைத் தடுக்கேல்லை, பாருங்கோ. வலிய வந்த எருமையை ஆர் விடுவினம்? மேசை, கதிரை, அலுமாரி எல்லாம் நான்தான் சுமந்தனான். அலுமாரிக்குள்ள என்னவோ கடகடவெண்டது. நானும் கேக்கேல்லை.

இந்தக் கிழமைதான் விளங்கிச்சுது. அது துருசு திருப்பிற கைபிடி! அது இல்லாமல் தண்ணி திறந்து விடுற அந்தக் குளத்துக் கதவு அசையாது.

பாக்கியமக்கா மலையகத்திலை இருந்து வந்து, அக்கராயனிலை எங்கட வாய்க்காலின்ர கடைசி வயலைச் செய்யிறா. நெல்லு குடலை. கதிர் வெளிக்கிடுற நேரத்திலை வயல் வெடிச்சுப் போய்க் கிடக்குது. குளத்திலை தண்ணி தளம்புது!

ரெண்டு பேரும் புதுக் கந்தோருக்குப் போனம்.

"கைபிடி எங்கட சொத்து அம்மா. ஆனா குளம் திறக்கிறது பழைய கந்தோரின்ர கடமை" எண்டார் அங்க இருந்த அதிகாரி ஐயா.

பழைய கந்தோருக்கு ஓடினம். "கடமை எங்கடைதான். கைபிடி அவையிட்டை எல்லோ?" எண்டார் அங்கத்தை ஐயா.

"அப்ப ரெண்டு பேரும் சேந்து ஒருக்கா வாங்களேன்யா!" எண்டா அக்கா.

"அப்பிடி வர ஏலாது. மேலிடத்துக்கு எழுதியிருக்கு."

மேலிடத்துப் பதில் வரும்வரைக்கும் நெல்லு மூச்சைப் பிடிச்சுக்கொண்டு நிக்குமோ? கதிரையை எண்ணிப் பாத்து எடுத்தினம். அலுமாரியைத் தட்டிப் பாத்து எடுத்தினம். தண்ணி விடுற வேலையை மட்டும் ஒருத்தனும் எடுக்கேல்லை! இதுக்குப் பேர் பாரமெடுக்கிறதோ? அண்டைக்கு உண்மையாப் பாரம் எடுத்தவன் நான் ஒருத்தன்தான்.

அக்கா என்னையும் இழுத்துக்கொண்டு திரும்பவும் புதுக் கந்தோருக்கு வந்தா. "ஐயா, அத ஒரு தடவ கண்ணால பாத்துட்டுப் போறேங்க."

பாவம், அந்த மனுசன் அலுமாரியைத் திறந்தார். அக்கா கைபிடியை இழுத்து என்ர தோளிலை வைச்சா.

"நடங்கண்ணே! அன்னைக்கு வெட்டிக்குத் தூக்குனீங்க. இன்னைக்காவது உருப்படியாத் தூக்குங்க!"

"அரசாங்கச் சொத்து! அரசாங்கச் சொத்து!" எண்டு பின்னாலை சத்தம்.

"சொத்தத் திருப்பித் தாறோம்யா. கருகுன நெல்லத் திருப்பித் தருவீங்களா?"

துருசைத் திருப்பினம். பொழுதுபட முன்னம் அக்காவின்ர வயலுக்குத் தண்ணி வந்திட்டுது. கைபிடியைத் துடைச்சுக் கொண்டுபோய்க் குடுத்தும் விட்டம்.

அடுத்த நாள் காலமை விசாரணைக்கு வந்திட்டினம். அனுமதியில்லாமல் குளத்தைத் திறந்தது ஆராம்? குளம் திறக்கச் சேந்து வர ஏலாத ரெண்டு ஐயாமாரும் வந்தவை... ஒரே சைக்கிளிலை, ஆளை ஆள் ஏத்திக்கொண்டு!