ஹோட்டல் சுவரில் ஒரு மருதமுனைத் துணி

எண்பதுகளில் நான் கொழும்பில் ஒரு பத்திரிகையில் வேலை பார்த்தேன். என் தங்கையின் கணவர் கிழக்குக் கரையில் உள்ள மருதமுனையில் நெசவுக்காரர். கொழும்புக் கோட்டைப் பகுதியில் புதிதாகக் கட்டிய அடுக்குமாடி ஹோட்டலின் வரவேற்பு மண்டபத்துக்கு, கரைவலை இழுக்கும் மீனவர்களைத் துணியில் நெய்து கொடுத்திருந்தார். உருவத்துக்கு முகம் வைப்பது எங்கள் இஸ்லாமிய மார்க்கத்தில் கூடாது என்று முகங்களை வெறும் நீலமாகவே விட்டிருந்தார். அதற்குச் சம்மதித்துத்தான் ஹோட்டல்காரர்கள் வாங்கினார்கள்.

தொங்கவிட்ட பிறகு பார்க்க ஆசைப்பட்டு ஊரிலிருந்து வந்தவரை நானே அழைத்துப் போனேன். துணி இரண்டு மாடி உயரத்துக்குத் தொங்கியது. ஒவ்வொரு நீல முகத்திலும் யாரோ சாயத்தால் கண், மூக்கு, சிரிப்பு எல்லாம் வரைந்திருந்தார்கள்.

"மச்சான், இது ஆருட வேல?" என்று என்னிடம் கேட்டார்.

எங்களோடு வந்து நின்ற ஹோட்டல் மேலாளர்தான் பதில் சொன்னார். "முகமில்லாட்டி வெள்ளைக்காரருக்குப் பேய் மாதிரித் தெரியும். எங்கட ஓவியர் சரிப்பண்ணினார். இப்ப நல்லாயிருக்குத்தானே?"

"அழிக்க ஏலுமா?"

"துணி பழுதாப் போயிரும்."

"அப்ப என்ட பேரையாவது அதுலருந்து எடுத்துருங்க சேர். மறுமையில இதுக்கு என்னால பதில் சொல்ல ஏலா."

மேலாளர் சிரித்தார். "உங்கட பேரா? அத நாங்க போடவேயில்லையே."

பக்கத்துப் பித்தளைத் தகட்டில் முகம் வரைந்தவரின் பெயர் மட்டும் இருந்தது.

"அல்ஹம்துலில்லாஹ்" என்று இறைவனைப் புகழ்ந்துவிட்டு மச்சான் வாசலை நோக்கி நடந்தார்.

செய்திக்கு மேல் என் பெயர் வராவிட்டால் ஆசிரியரோடு சண்டை பிடிக்கிறவன் நான். தன் உழைப்பில் தன் பெயர் இல்லை என்பதில் ஒரு மனிதன் நிம்மதி தேட வேண்டி வந்ததை அன்றுதான் பார்த்தேன். அவரை அந்த நிலைக்குக் கொண்டுவந்தவர்களை இன்றுவரை என்னால் மன்னிக்க முடியவில்லை.