ஏழாம் நம்பர் மெஷினின் நோட்டு

போன வாரம் பாத்திரம் தேய்க்க என்று மனைவி ஒரு ஜோடி ரப்பர் கையுறை வாங்கி வந்தாள். பாக்கெட்டைப் பிரித்ததும் ரப்பரும் பவுடரும் கலந்த வாசனை குப்பென்று வந்தது. ஒன்றை எடுத்து மூக்கருகே வைத்துக்கொண்டு நின்றுவிட்டேன். "தேய்க்கிறதா இருந்தா போட்டுக்குங்க. மோந்து பாக்கறதுக்கா வாங்கினேன்?" என்றாள். நியாயமான கேள்விதான். இது ஒரு நோட்டுப் புத்தகத்தின் வாசனை என்று சொன்னால் அவள் நம்பவா போகிறாள்? நீங்கள் நம்புவீர்கள், அதனால் உங்களிடம் சொல்கிறேன்.

அப்போது நான் எம்.ஏ. தமிழ் முடித்துவிட்டு ஒரு பேராசிரியரிடம் ஆய்வு உதவியாளனாக இருந்தேன். வெளிமாநிலத்திலிருந்து வேலைக்கு வருகிறவர்கள் தமிழை எப்படிக் கற்றுக்கொள்கிறார்கள் என்பது ஆய்வு. அப்படியே அவர்களுக்கு ஒரு பேச்சுத்தமிழ்ப் பாடநூலும் எழுத வேண்டும். சிங்கப்பெருமாள் கோவிலில் ரயிலை விட்டு இறங்கி, ஷேர் ஆட்டோவில் பத்தாவது ஆளாக ஒற்றைத் தொடையில் உட்கார்ந்து ஒரகடம் போவேன். கார் கதவுக்கு ரப்பர் பட்டை செய்யும் கம்பெனி ஒன்றில், ஷிப்டுக்கு முன்னாலோ பின்னாலோ முக்கால் மணி நேரம் கேன்டீனில் வகுப்பு. எட்டு மணி நேரம் நின்று வேலை பார்த்த பெண்களுக்கு நான் நடத்திய முதல் பாடம் என்ன தெரியுமா? "ஐயா, நூலகம் எங்கே உள்ளது?" என் சொந்தத் தயாரிப்பு. அதை எழுதிவிட்டு இரண்டு நாள் பெருமையாக வேறு இருந்தேன்.

மூன்றாவது வரிசையில் சபிதா என்று ஒரு பெண். ஒடிசாவிலிருந்து வந்து ஒன்றரை வருஷம் ஆகியிருந்தது. அவள் எழுந்து, "சார், நூலகம்னா இன்னா? எந்த ஸ்டாப்பாண்ட கீது?" என்று கேட்டாள்.

கேள்வியை விடுங்கள், அந்தத் தமிழ்! சுத்தமான, பக்கத்து ஊர் மணிமங்கலத்துத் தமிழ். மற்றவர்கள் "சார் தண்ணி, சார் லீவு" என்பதற்குமேல் தாண்டாத வகுப்பில், இவள் மட்டும் இங்கேயே பிறந்தவள் மாதிரி பேசுகிறாள்.

"யாரும்மா உனக்குச் சொல்லிக் குடுத்தது?"

"எஸ்தரக்கா."

"அவங்களையும் ஒருநாள் கூட்டிட்டு வாயேன்."

"நான் பாத்ததே இல்ல சார்."

கேலி செய்கிறாளோ என்று நினைத்தேன். உண்மையைத்தான் சொல்லியிருந்தாள். ஏழாம் நம்பர் மெஷினில் ஒரு ஷிப்டு எஸ்தர், அடுத்த ஷிப்டு சபிதா. வாரா வாரம் ஷிப்டு மாறும், ஆனால் இரண்டு பேரும் சேர்ந்தே மாறுவார்கள். இவள் உள்ளே வரும்போது அவள் பின்வாசல் வழியாகப் பஸ் ஏறிவிட்டிருப்பாள். இரண்டு பேருக்கும் நடுவில் இருந்தது மெஷின் பக்கத்தில் கயிறு கட்டித் தொங்கவிட்ட ஒரு நோட்டு. மெஷின் எப்படி இருக்கிறது என்று போகிறவர் எழுதிவைக்க வேண்டும், வருகிறவர் படிக்க வேண்டும். அதுதான் ஷிப்டு நோட்டு.

வந்த புதிதில் சபிதாவுக்குத் தமிழில் ஓர் எழுத்து தெரியாது. ரப்பர் ஒட்டிக்கொண்ட அச்சைப் படமாக வரைந்து, அதற்கு ஓர் அழுகிற முகம் போட்டு வைத்துவிட்டுப் போனாள். மறுநாள் வந்து பார்த்தால் படத்துக்குக் கீழே "அச்சு அழுவுது" என்று கொட்டை கொட்டையாக எழுதியிருந்தது. பக்கத்தில் ஒரு துணி, ஒரு சிரிக்கிற முகம். கீழே "தொட. சிரிக்கும்." அவ்வளவுதான், முதல் பாடம் முடிந்தது! நான் நூலகத்தைத் தேடிக்கொண்டிருந்தபோது அங்கே வகுப்பு எங்கேயோ போய்விட்டிருந்தது.

"நான் எழுதினத வாய்விட்டுப் படிப்பேன் சார். பக்கத்து மெஷின்ல சிரிச்சா தப்பு. சிரிக்கலன்னா சரி" என்றாள். அதுதான் அவளுடைய தேர்வு முறை.

சூப்பர்வைசரிடம் கேட்டு அந்த நோட்டைப் பார்த்தேன். ரப்பர் வாசனையும் கைரேகையுமாக இருந்தது. எஸ்தர் எழுதியிருந்தாள்: "ரெண்டாம் அச்சு காலைலேர்ந்து மூஞ்சத் தூக்கி வச்சினு கீது. கெஞ்சாத. நல்லா தொடச்சி, அஞ்சு நிமிசம் சூடேற வுடு. அதுவா வயிக்கு வரும்." அதற்குக் கீழே: "படப்பைல மழ கொட்டுது. உன் பஸ்சு லேட்டாவும். சாப்ட்டு வந்தியா?" ஐந்து வருஷம் இலக்கியம் படித்தவன் நான். மனுஷி, மெஷின், மழை மூன்றையும் இத்தனை சின்ன இடத்தில் கொண்டுவந்து நிறுத்த எனக்கு வராது. பொறாமையாகக்கூட இருந்தது. உட்கார்ந்து என் டைரியில் பதினோரு பக்கம் படியெடுத்தேன்.

அந்த மாதக் கடைசியில் சபிதாவின் ஒப்பந்தம் முடிகிறது. சிலரை மட்டும் கம்பெனியில் நிரந்தர வேலைக்கு எடுப்பார்கள். அதற்காக, வருகிற வெள்ளிக்கிழமை தமிழிலேயே இன்டர்வியூ. தேறாவிட்டால் பெட்டியைக் கட்டிக்கொண்டு ஊருக்கு ரயிலேற வேண்டியதுதான். அவள் பயந்துபோய் நோட்டில் கேட்டிருந்தாள்: "உன்ன பத்தி சொல்லுன்னு கேட்டா இன்னா சொல்றதுக்கா?"

இந்த நேரம் பார்த்துத்தான் நான் ஒரு படிவத்தோடு போய்ச் சேர்ந்தேன். அடுத்தவர் எழுதியதை ஆய்வுக்கு எடுப்பதென்றால் அவர்கள் கையெழுத்திட்ட சம்மதப் படிவம் வேண்டும் என்றார் பேராசிரியர். சொன்னது சரிதான். இரண்டு பக்கப் படிவம், கடைசியில் பெயர், தேதி, கையொப்பம். சபிதா உடனே போட்டுக் கொடுத்தாள். எஸ்தருடையதைச் சூப்பர்வைசர் கையில் கொடுத்து வாங்கித் தரச் சொன்னேன். மூளை என்று ஒன்று இருந்தால் அதைச் செய்திருக்க மாட்டேன்.

மறுநாள் நோட்டில் எஸ்தர் எழுதியிருந்தது ஒரே சொல்: "சரி." அதற்கு மறுநாளும் "சரி." மூன்றாம் நாளும் அதுவேதான்.

சபிதா வகுப்பில் வாயே திறக்கவில்லை. கேட்டால் கண் கலங்குகிறது. "அக்காக்கு எம்மேல கோவம் சார். நான் இன்னா பண்ணேன்?"

சூப்பர்வைசர்தான் எனக்கு விளக்கினார். "சார், இங்க பேப்பர் நீட்டிக் கையெழுத்து கேட்டா, தப்பு பண்ணதுக்கு மெமோன்னு அர்த்தம். யாரோ போட்டுக் குடுத்துட்டாங்கன்னு நெனச்சிருக்கும்."

வெள்ளிக்கிழமைக்கு மூன்று நாள்தான் இருந்தது. அன்று மதியமே எஸ்தரின் ஊரான மணிமங்கலம் போய்க் கம்பெனி பஸ் நிற்கும் இடத்தில் காத்திருந்தேன். நாலு பெண்கள் இறங்கினார்கள். "எஸ்தர்!" என்று கூப்பிட்டேன். மூன்று பேர் திரும்பிப் பார்த்தார்கள், ஒருத்தி மட்டும் வேகமாக நடந்தாள். அவள்தான் எஸ்தர். ஓடிப்போய் முன்னால் நின்றேன்.

"கம்பேனி ஆளா?"

"இல்லம்மா, தமிழ் சொல்லிக் குடுக்கறவன்."

"எனக்கு எதுக்குத் தமிழு?"

நல்ல கேள்வி. அந்தப் படிவம் என் வேலைதான், தப்பு என்மேல்தான் என்று சொல்லி, அவள் எதிரிலேயே அதைக் கிழித்துப் போட்டேன்.

"ஜெராக்ஸ் கீதா?"

"இல்ல."

"நான் கிறுக்கினத எங்கனா எழுதிகினியா?"

பொய் சொல்லியிருக்கலாம். அந்த முகத்தைப் பார்த்து முடியவில்லை. டைரியிலிருந்து பதினோரு பக்கத்தையும் பிய்த்து நீட்டினேன். என் ஆராய்ச்சியே அந்தப் பதினோரு பக்கம்தான். அவள் அதை மடித்துச் சாப்பாட்டுப் பைக்குள் சொருகினாள்.

"வெள்ளிக்கிழமை சபிதாவுக்கு இன்டர்வியூ. நீங்க கோவிச்சிக்கிட்டீங்கன்னு அழுவுதும்மா" என்றேன்.

"அய்ய! அத்தோட எனக்கு இன்னா கோவம்? புக்குல கத பேசிகினு இருந்தீங்கன்னு மெமோ குடுத்தா, நான் பர்மனென்ட்டு, தப்பிச்சிக்குவேன். அந்தப் பொண்ணத்தான் மொதல்ல தூக்குவான். அதான் வாயப் பொத்திகினு இருந்தேன்." சொல்லிவிட்டு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். எனக்கு அவள் காலில் விழுந்துவிடலாம் போல இருந்தது.

மறுநாள் நோட்டில் பதில் இருந்தது. சபிதா எனக்குப் படித்துக் காட்டினாள். "உன்ன பத்தி சொல்லாத. மிஷின பத்தி சொல்லு. அதுல நீ வந்துடுவ."

வெள்ளிக்கிழமை மூன்று அதிகாரிகள் எதிரில் உட்கார்ந்து, "உன்னைப் பத்திச் சொல்லும்மா" என்றார்களாம். "ஏழாம் நம்பர்ல மூணு அச்சு சார். ரெண்டாவது கோவக்காரி. கெஞ்சினா வராது" என்று இவள் ஆரம்பித்தாள். முதலில் சிரித்தவர்கள், கொஞ்ச நேரத்தில் நிமிர்ந்து உட்கார்ந்து அந்த அச்சைப் பற்றியே கேள்வி கேட்டிருக்கிறார்கள். பத்து நாளில் வேலை ஆர்டர் வந்தது.

அந்த வருஷம் ஆயுத பூஜைக்கு இரண்டு ஷிப்டும் ஒன்றாக வந்தது. என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். சந்தனம் பூசிய ஏழாம் நம்பர் மெஷினுக்கு இந்தப் பக்கம் ஒருத்தி, அந்தப் பக்கம் ஒருத்தி. இவ்வளவு எழுதியவர்கள் ஒருத்தியை ஒருத்தி மேலும் கீழும் பார்த்தார்கள்! கடைசியில் எஸ்தர்தான், "குட்டிக்குட்டியா எழுதுவியே, ஆளு குட்டையா இருப்பன்னு நெனச்சேன்" என்றாள். சபிதா சிரித்துக்கொண்டே அழுதாள். நான் பொரியை வாயில் போட்டுக்கொண்டு வேறு பக்கம் பார்த்தேன்.

ஆய்வு அறிக்கையை அந்த நோட்டு இல்லாமலே எழுதினேன். பேராசிரியர், "உயிரே இல்லையே" என்றார். எனக்குத் தெரியாதா? பாடநூலில் நூலகத்தை எடுத்துவிட்டுக் கேன்டீனை வைத்தேன். அதுதான் என் ஒரே கண்டுபிடிப்பு.

கையுறை வாசனை விடவில்லை, ஒரகடம் போய்வந்தேன். இப்போது மெஷினுக்கு மெஷின் ஒரு டேப்லெட். பச்சையை அழுத்தினால் "சரி", சிவப்பை அழுத்தினால் "சரியில்லை". தமிழ், இந்தி, ஒடியா எல்லா மொழியிலும் வருகிறது, யாரும் யாருடைய மொழியையும் படிக்க வேண்டியதில்லை. வசதிதான், குறை சொல்லவில்லை. பழைய நோட்டுகள் எங்கே என்று கேட்டேன். எப்போதோ கழிவோடு போய்விட்டதாம். சபிதா இப்போது லைன் லீடர். "அக்கா வேலைய வுட்டுட்டாங்க சார்" என்று நம்பர் கொடுத்தாள்.

எஸ்தரைக் கூப்பிட்டேன். அந்தப் பதினோரு பக்கமாவது இருக்குமா என்று ஓர் ஆசை.

"அன்னிக்கே அடுப்புல போட்டேன் சார்."

நினைவில் இருப்பதையாவது எழுதிக்கொள்ளட்டுமா என்று கேட்டேன்.

"எழுதிக்கோ சார். கையெழுத்து மட்டும் கேக்காத."